ஆஃப் பண்ட்டுக் கேளுங்க

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் பிரம்பு நாற்காலிகள் மூன்று இருந்தன. வரும்போதெல்லாம் அம்மா அவற்றில் ஒன்றைக் காட்டுவாள். "இருக்கட்டும் டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் நிற்பார். நிற்பது என்றால் சும்மா நிற்பதில்லை. கால் மாற்றுவார், சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுப்பார், திரும்ப வைப்பார், ஜன்னல் வரை போவார், வருவார். பத்து நிமிடம் அவரோடு ஓர் அறையில் இருந்தால் நமக்கும் கால் பரபரக்க ஆரம்பித்துவிடும். அவர் போன பிறகு நான் காரணமில்லாமல் மொட்டை மாடிக்கும் கீழுக்குமாக நடந்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட மனுஷர், வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்ததும் முதல் வணக்கத்தை எங்கள் யாருக்கும் சொல்லமாட்டார். நேராகக் கட்டிலுக்குப் போய் அண்ணனுக்குத்தான் சொல்வார். "சார், நான்தான். நெஞ்சாண்ட தொடுவேன், ஜில்லுன்னு இருக்கும்." சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி ஐந்தாறு விநாடி நிற்பார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அந்த ஐந்தாறு விநாடிதான். அண்ணன் பதில் சொல்லமாட்டான். ஏழு மாதமாக அவன் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

அடையாறு பாலத்தில் இறங்கும்போது மழையில் அண்ணனின் ஸ்கூட்டர் சறுக்கியது. உடம்பில் சிராய்ப்புகள் மட்டும்தான். அடி முழுக்கத் தலைக்குள். ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக் கிடந்தவன் ஒருநாள் காலையில் கண்ணைத் திறந்தான். தெரிந்தவர்கள் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னோம். பெசன்ட் நகர் மாதா கோயிலில் அண்ணி கை கொள்ளாமல் மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினாள். அதற்கப்புறம் டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். தூங்குகிறார், விழிக்கிறார், தானாக மூச்சு விடுகிறார். ஆனால் தான் இருப்பது அவருக்குத் தெரிகிறது என்பதற்கு ஓர் அடையாளம்கூட இதுவரை இல்லை. இப்படியே வருஷக்கணக்கில் இருந்தவர்களும் உண்டு என்றார்.

அதே டாக்டர்தான் சில மாதம் கழித்து இந்த மின்சார வைத்தியத்தைப் பற்றியும் சொன்னார். கழுத்துக்குப் பின்னால், தண்டுவடத்தின் உறையை ஒட்டி ஒரு மெல்லிய கம்பியை வைப்பார்கள். அதில் துளித்துளியாக மின்சாரம் விட்டால் அது மேலே ஏறி, மூளையில் விழிப்புக்கு உரிய இடத்தைத் தட்டி எழுப்பலாம். ஜப்பானில் செய்து பார்க்கிறார்கள், சிலருக்குப் பலன் இருக்கிறது, பலருக்கு இல்லை, நான் எந்த உறுதியும் தரமாட்டேன் என்றார். அவர் இவ்வளவு சொல்லியும் அம்மாவின் காதில் விழுந்தது "எழுப்பலாம்" என்ற ஒரே சொல்தான். எனக்கும் அப்படித்தான், பொய் சொல்வானேன்.

அறுவை சிகிச்சை முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தபோது கூடவே ஒரு பெட்டியும் வந்தது. பாக்கெட் டிரான்சிஸ்டர் அளவு. கம்பியின் மறுமுனை அண்ணனின் நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு வில்லையில் முடிந்தது. தோலுக்கு வெளியே அதற்கு நேராக ஒரு ரப்பர் வளையத்தைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டவேண்டும். வளையத்திலிருந்து பெட்டிக்கு ஒயர். பெட்டியில் ஒரு சுவிட்ச், ஒரு திருகு, ஓடும்போது எரிகிற சிவப்பு விளக்கு. பகலில் பதினைந்து நிமிடம் ஓட்டம், பதினைந்து நிமிடம் ஓய்வு. இரவில் முழு ஓய்வு. தி.நகரில் ஒரு சந்துக்குள் இருந்த கம்பெனி அதை வரவழைத்துக் கொடுத்தது. வாரம் ஒருமுறை பேட்டரி மாற்றி, அளவு பார்த்துவிட்டுப் போக அந்தக் கம்பெனி அனுப்பியவர்தான் இவர். எங்கள் வீட்டில் அவருக்கு மெஷின்காரர் என்று பெயர்.

ஊரூர் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். அவருடைய அம்மா தலையில் கூடை வைத்து எங்கள் தெருக்களில் மீன் விற்றவராம். எங்கள் அம்மாகூட வாங்கியிருக்கலாம். தரமணியில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, ஆஸ்பத்திரிகளில் இசிஜி மெஷின் பழுது பார்த்தே இருபது வருடம் ஓட்டியிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, ஒல்லி உடம்பு, முழங்கை வரை மடித்த சட்டை.

அவருடைய குணத்தை நான் முதலில் அறிந்துகொண்டது ஒரு டியூப் லைட்டினால். அண்ணன் அறையில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. நான் கடைக்கு ஓடி ஸ்டார்ட்டர் வாங்கிவந்து மாட்டினேன். பளிச்சென்று எரிந்தது. ஒரு பெண்பிள்ளை தனியாக ஸ்டார்ட்டர் மாற்றிய பெருமையில் நான் ஸ்டூலிலிருந்து இறங்கினால், இவர் ஸ்டூலில் ஏறினார். புது ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பழையதையே மாட்டினார். அதுவும் பளிச்சென்று எரிந்தது. "ஸ்டார்ட்டர் நல்லாத்தான் கீது டீச்சர். நீங்க திருகுன திருகுல சரியாயிச்சி" என்று சொல்லிப் புதியதை என் கையில் கொடுத்தார். விளக்கு எரிந்தால் போதாதா, எதனால் எரிந்தால் இவருக்கென்ன என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மயிலாப்பூரில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, 29சி பஸ்ஸில் நசுங்கி வந்து, அதற்குமேல் இந்தப் பாடம் வேறு.

அவருடைய வீட்டுக்காரம்மாவை ஒரு தடவை கடற்கரையில் பார்த்தேன். மூத்த மகள் பிறந்த கதையை அந்த அம்மாள்தான் சொன்னார். நர்ஸ் வெளியே வந்து பெண் குழந்தை என்று சொல்லிக் கையில் கொடுத்திருக்கிறார். சுற்றி எல்லாரும் சிரிக்கிறார்களாம், இவர் மட்டும் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் சிரித்தாராம். பக்கத்தில் நின்ற மெஷின்காரருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. "அன்னிக்கு நாலு புள்ளைங்கள வரிசயா தூக்கிக்கினு வந்தாங்க. மாறிப் பூட்டா?" என்றார்.

அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம் ஒன்று உண்டு. ஏதாவது நடந்தது என்று நாங்கள் சொன்னால், "ஆஃப் பண்ட்டுக் கேளுங்க" என்பார். அண்ணன் முனகினான் என்பாள் அண்ணி. ஆஃப் பண்ணிவிட்டுக் கேட்டீர்களா என்பார். அண்ணன் விழுங்கினான் என்பேன் நான். ஆஃப்ல விழுங்கினாரா, ஆன்லயா என்பார். நல்ல சேதி சொன்னால் ஒரு வார்த்தை சந்தோஷப்பட்டால்தான் என்ன என்று அவர் போன பிறகு நாங்கள் திட்டித் தீர்ப்போம். அந்தத் திட்டில் பாதி அவருக்கு, மீதி யாருக்கு என்று தெரியாது.

எங்களுடையது சாந்தோம் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்துவிட்டு, பெசன்ட் நகருக்கு வீடு கட்டி வந்த குடும்பம். அம்மா பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மழை கொட்டினாலும் கரண்ட் போனாலும் ஆறரை மணிக்குக் குடும்பச் செபமாலை நடந்தாக வேண்டும். அண்ணன் படுத்த பிறகு அது கூடத்திலிருந்து அவன் அறைக்கு மாறியது. பெட்டி வந்த பிறகு அம்மா இன்னொன்றும் செய்ய ஆரம்பித்தாள். செபம் தொடங்குகிற நேரத்தில் பெட்டி ஓய்வில் இருந்தால் சுவிட்சைப் போட்டு ஓடவிடுவாள். திருவிழா நாளில் மாதா கெபியில் கூடுதலாக ஒரு விளக்கு வைப்பதுபோல, திருகையும் ஒரு நூல் ஏற்றி வைப்பாள். செபம் முடிந்ததும் பழைய இடத்துக்கே இறக்கிவிடுவாள். இதை எங்களிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. பலம் கூடினால் நல்லதுதானே என்று நினைத்திருக்கிறாள்.

ஒரு வியாழக்கிழமை, செபமாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணனின் வலது கை எழுந்தது. மணிக்கட்டு மேலே வந்து விரல்கள் மடங்கி, மறுபடி தாழ்ந்தது. அண்ணி அலறிவிட்டாள். அடுத்த நாளும் எழுந்தது, அதற்கடுத்த நாளும். பகலில் நாங்கள் எவ்வளவு கூப்பிட்டாலும் எழாத கை, செபமாலைக்கு மட்டும் எழுந்தது. பங்குச் சாமியார் வந்து பார்த்துவிட்டுப் பொறுமையாக இருங்கள் என்று சொல்லிப் போனார். பொறுமைக்கு எங்கே போவது? அடுத்த வாரம் கோயில் பெண்கள் எட்டுப் பேர் அறையில் முழந்தாளிட்டிருந்தார்கள். ஒருத்தி தன் மகனின் விடாத காய்ச்சலை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவந்து அண்ணனின் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

அன்று மெஷின்காரர் பேட்டரி மாற்ற வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அறைக்கு வெளியே கைகட்டி நின்றுகொண்டார். நாலாவது பத்தில் கை எழுந்தது. பெண்கள் குரல் உயர்ந்தது. அவர் மட்டும் கையைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செபம் முடிகிற வரை காத்திருந்து, அம்மாவிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"டீச்சரம்மா, இன்னொரு பத்து மணி சொல்றீங்களா. இத்த ஆஃப் பண்ட்டு."

"செபத்தையா டெஸ்ட் பண்ணச் சொல்றீங்க தம்பி?"

"செபத்த இல்லம்மா. பொட்டிய."

அம்மாவால் மறுக்க முடியவில்லை. எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியை அணைத்துவிட்டுப் பத்து மணியும் சொன்னோம். அவ்வளவு உருக்கமாக நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. கை எழவில்லை. பிறகு அவர் அண்ணன் பக்கம் குனிந்து, "சார், மன்னிச்சிக்கங்க, ஒரு தபா இழுக்கும்" என்றார். சுவிட்சைப் போட்டு, திருகை அம்மா வைத்திருந்த இடத்துக்கு ஏற்றினார். கை எழுந்தது, விரல் மடங்கியது, தாழ்ந்தது. கரண்ட் அதிகமானால் தசை இழுக்கும், அவ்வளவுதான் என்று சொல்லித் திருகைப் பழைய இடத்துக்கு இறக்கி, அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தலையணைக்குக் கீழே வைத்த சீட்டை அந்தப் பெண் மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

அவர் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை. ஆனால் அம்மா அதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள் என்றாள். சரி என்று போனார். கம்பெனியில் அந்தப் பெட்டி தெரிந்த வேறு ஆள் கிடையாது. அடுத்த வாரமும் அவரே வந்து, "சார், நான்தான்" என்று அண்ணனிடம் சொன்னார். இரண்டு மாதம் அம்மா அவருக்கு நாற்காலி காட்டவில்லை. எப்படியும் உட்காராத மனுஷருக்கு அது ஒரு தண்டனையா என்ன.

அதன்பின் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. நம்பிக்கை இல்லாமல் வேலை மட்டும் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, குழாயில் கஞ்சி விடுவது, சளி உறிஞ்சுவது, முதுகில் புண் வராமல் பார்ப்பது. அப்படியும் புண் வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானும் அண்ணியும் விரிப்பு மாற்றினோம். அந்த வாடை இப்போதும் எனக்கு நினைவில் இருக்கிறது. அண்ணி துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட ஆகாதவள். அவள் மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. என் வாயில் வந்துவிட்டது.

"அன்னைக்கே போயிருந்தா அண்ணனுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

அண்ணி விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினாள். மெஷின்காரர் மூலையில் ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்; அவர் இருப்பதையே நான் மறந்திருந்தேன். வெளியே வாருங்கள் என்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். வராந்தாவுக்குப் போனேன்.

"சார் எதிர்ல அப்டி பேசாதீங்க டீச்சர்."

"அண்ணனுக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுன்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கை எழுந்தபோது அது பொய் என்று எட்டுப் பேர் முன்னால் காட்டியவர் இவர். இப்போது இப்படிப் பேசுகிறார். நீங்கள்தானே ஒன்றும் இல்லை என்று நிரூபித்தீர்கள் என்று கேட்டேன். அவர் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். வராந்தாவில் ஒரு பிளக் வெகுநாளாக வேலை செய்யவில்லை. முதலில் ஹாலில் நன்றாக இருந்த பிளக்கில் டெஸ்டரை வைத்தார், அதன் குட்டி விளக்கு எரிந்தது. அப்புறம் வராந்தா பிளக்கில் வைத்தார், எரியவில்லை. மறுபடி ஹாலுக்குப் போய் வைத்தார், எரிந்தது.

"மூணு தபா எதுக்கு வெக்கிறேன்? டெஸ்டர் செத்துப் பூட்டுருந்தா, லைனு செத்துக் கீதுன்னு நெனச்சிப்போம். கைய வெச்சா தூக்கி அடிக்கும். சாரு பதில் சொல்லல. சரி. அவரு இல்லியா, நம்ம டெஸ்டர் சரியில்லியா? ரெண்டுல எதுன்னு எனுக்குத் தெரியாது டீச்சர். அதான் வரசொல்லோ அவராண்ட சொல்ட்டு தொடறேன்."

அவர் வணக்கத்துக்கு இதுதான் அர்த்தம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அதைப் பக்தி என்றோ பழக்கம் என்றோ நினைத்திருந்தேன். இருக்கிறார் என்று சொல்ல ஆதாரம் கேட்டவர், இல்லை என்று சொல்லவும் அதே ஆதாரம் கேட்டார். ஆனால் அன்று எனக்கு அது உறைக்கவில்லை. குப்பத்து வேதாந்தம் என்று மனசுக்குள் திட்டினேன். அதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் அவர் டாக்டரைப் பார்த்துப் பேசி ஓர் ஏற்பாட்டோடு வந்தார். பெட்டியின் சிவப்பு விளக்கின்மேல் கறுப்பு டேப். நாலு வாரத்துக்குச் சில நாள் பெட்டி ஓடும், சில நாள் ஓடாது. தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் வந்து அவரே வைத்துவிட்டுப் போவார். எது எந்த நாள் என்று அவருக்கு மட்டும் தெரியும். ஓடுகிற நாளுக்கு மெய் நாள், ஓடாததற்குப் பொய் நாள் என்று பெயர் வைத்தார். அண்ணன் என்ன செய்தாலும் அண்ணி ஒரு நோட்டில் எழுதவேண்டும். அவர் தன் டைரியில் மெய், பொய் குறித்துக்கொள்வார். கடைசியில் இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம் என்றார். டாக்டருக்கும் இது வேண்டியிருந்தது. பெட்டி இனிமேலும் தேவையா என்று அவர் முடிவு செய்யவேண்டிய நேரம் வந்திருந்தது. ஒன்றும் இல்லை என்று வந்தால் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் செய்ய எங்களிடம் எதுவும் இல்லை.

அந்த நாலு வாரம் வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் அவர் வந்து போனதும் அம்மா பெட்டியைக் காதில் வைத்துப் பார்ப்பாள், சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. நான் பள்ளியில் பாதிப் பாடத்தில் நிறுத்தி, இன்று மெய்யா பொய்யா என்று யோசிப்பேன். அண்ணி மட்டும் நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டே போனாள். மணி பத்து, முனகல். மணி பன்னிரண்டு, கொட்டாவி. நடுநடுவே, "நான் கதவுப் பக்கமாக வந்தபோது இந்தப் பக்கம் பார்த்தார்" என்றும் எழுதியிருந்தாள். கண் சும்மா உருளுவதையெல்லாம் எதற்கு எழுதுகிறாய் என்று அம்மா சலித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருக்கிறார் என்று அண்ணி விடாமல் எழுதினாள்.

கடைசி ஞாயிறு, பூசை முடிந்து வந்தோம். அவர் வந்து அண்ணனுக்கு வணக்கம் சொன்னார். டைரியைத் திறந்து அவர் நாளைப் படிக்க, அண்ணி நோட்டைப் படித்தாள். கை அசைவு, மெய் நாளிலும் இல்லை, பொய் நாளிலும் இல்லை. முனகல் இரண்டிலும் ஒன்றுபோலவே. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கண்ணைப் பற்றி அண்ணி எழுதியிருந்த வரிகள் வந்தன. முதல் வாரத்தில் மூன்று. இரண்டாவதில் ஏழு. கடைசி வாரத்தில் ஒரு பக்கம் முழுக்க அதுதான். மெய் நாள், பொய் நாள் வித்தியாசமே இல்லை. படிக்கப் படிக்க அவர் நடை வேகமாகிக்கொண்டே போனது. ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் இடையே நாலு தடவை போய்வந்தார்.

அப்புறம் அவர், அண்ணன் முன்பு சவரம் பண்ணிய கண்ணாடியைக் கேட்டார். அலமாரியிலிருந்து அண்ணி எடுத்துவந்தாள். அவர் பெட்டியைத் திறந்து பேட்டரியைக் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"பேட்டரி உங்க கைல கீது டீச்சரம்மா. எண்ணுங்க. பத்து தபா."

அம்மா இன்னொரு கையில் செபமாலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணாடியை அண்ணன் முகத்துக்கு நேராகப் பிடித்து, மெல்ல இடது பக்கம் நகர்த்தினார். அண்ணனின் கண் இடது பக்கம் போனது. வலது பக்கம் நகர்த்தினார். கண் நின்றது, நின்று, பிறகு வலது பக்கம் போனது. அம்மா ஒரு மணி தள்ளினாள். கண் தொடர்ந்த முறை மட்டும் மணி நகர்ந்தது. பத்தில் எட்டு. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைத்தான் அவன் பின்தொடர்ந்துகொண்டிருந்தான், தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிய முகத்தை.

அவர் கண்ணாடியை இறக்கினார்.

"மெஷின் பண்ணிச்சின்னு நான் சொல்ல மாட்டேன். அணைச்சப்புறமும் அதோட வேல உள்ள ஓடுதா, தானா வந்துச்சா, அத்த டாக்டர்தான் சொல்லணும்" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆனா இவரு கீறாரு."

அண்ணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா பேட்டரியையும் செபமாலையையும் சேர்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே அவருக்கு நாற்காலியைக் காட்டினாள். அவர் "இருக்கட்டும் டீச்சரம்மா" என்றார்.

நான் மட்டும் அறையில் இருக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் வேறொரு கேள்வி வந்துவிட்டது. இவன் இருக்கிறான் என்றால், எப்போதிலிருந்து இருக்கிறான்? அந்தச் சனிக்கிழமை இருந்தானா? அவர் பின்னாலேயே வந்தார், செருப்பு மாட்ட. அன்றைக்கு நான் சொன்னது அண்ணனுக்குக் கேட்டிருக்குமா என்று கேட்டேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"எனுக்குத் தெரியாது டீச்சர். அவரையே கேளுங்க. ஆஃப் பண்ட்டுக் கேளுங்க. ஒரு தபா கேட்டுட்டு நம்பிடாதீங்க, பத்து தபா கேளுங்க."

அண்ணன் அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தான். பெட்டியை டாக்டர் இன்னும் ஒரு வருடம் ஓடவிட்டார். கண்ணால் எங்களைத் தொடர்வான், கரண்டியில் கொடுத்த கஞ்சியை விழுங்குவான், அண்ணி பாடினால் முகம் இளகும். பேசவில்லை, கையைத் தூக்கவில்லை. நிமோனியா வந்து, அண்ணி பக்கத்தில் இருக்கும்போது போனான். கம்பெனி பெட்டியை எடுத்துக்கொண்ட பிறகும் மெஷின்காரர் மாதம் ஒருமுறை வந்து "சார், நான்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அடக்கத்துக்கும் வந்திருந்தார். சவப்பெட்டியை மூடும் முன் பக்கத்தில் வந்து அந்த ஐந்தாறு விநாடி அசையாமல் நின்றார். பிறகு வேளச்சேரி தாண்டிக் குடிபோய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. பார்த்தால் அவர் ஒரு கேள்வி கேட்பார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஏனென்றால் நான் அண்ணனிடம் கேட்டேன். அந்த ஞாயிறு கழித்துப் பத்து நாள் இருக்கும். அம்மாவும் அண்ணியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பெட்டியை அணைத்தேன். பேட்டரியையும் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அவன் கண் எதிரில் உட்கார்ந்து, அண்ணா, அன்னைக்கு நான் சொன்னது உனக்குக் கேட்டிருந்தா என்னை மன்னிச்சிடு, மன்னிச்சிட்டேன்னா கண்ணை மூடித் திற என்றேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணை மெதுவாக மூடினான், திறந்தான்.

கண் இருக்கிறவர்கள் எல்லாரும் நிமிஷத்துக்குப் பத்துத் தடவை மூடித் திறக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? ஒரு தடவை நடந்ததற்கு என்ன மதிப்பு என்று மெஷின்காரரிடம் ஒரு வருடம் பாடம் படித்தவள் நான். இன்னும் ஒன்பது தடவை கேட்டிருக்க வேண்டும். மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டிருக்கிற எத்தனையோ மாலைகளில், கேட்டிருக்கலாமே என்று இப்போதும் தோன்றுகிறது.

பேட்டரியை எடுத்துப் பெட்டியில் மாட்டினேன். இரண்டாம் முறை கேட்கவில்லை.